திருமணமின்றிச் சேர்ந்து வாழ்பவர்கள் தம் சொத்தைக் காத்துக்கொள்வது எப்படி? கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூர் சிப்காட்டில் வேலை, ரெட்டியார்பாளையத்தில் வாடகை வீடு, திருமணம் இன்னும் ஆகவில்லை, ஆனால் சில ஆண்டுகளாக ஒரே சமையலறை. இப்படி வாழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தில் இப்போது நிறையவே இருக்கிறார்கள். பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பதால் அவர்களில் சிலர் என்னிடமும் வருகிறார்கள். பெரும்பாலும் தாமதமாக வருகிறார்கள்: பணம் கைமாறிய பிறகு, வீடு கட்டி முடித்த பிறகு, நகை அடகுக் கடைக்குப் போன பிறகு.

சேர்ந்து வாழ்வது சரியா தவறா என்ற விவாதத்தை உறவினர்களுக்கு விட்டுவிடுகிறேன். வயது வந்த இருவர் அப்படி வாழ்வது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் குஷ்பு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. உத்தரகாண்டில் 2025 முதல் இருக்கும் கட்டாயப் பதிவு தமிழ்நாட்டிலோ புதுச்சேரியிலோ கிடையாது. ஆனால் குற்றமில்லை என்பதற்காகச் சட்டம் உங்களைத் தாங்கிப் பிடிக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. கணவன் மனைவி எழுதாமல் விட்ட இடங்களைச் சட்டமே நிரப்பிவிடும். வாரிசு யார், வரி உண்டா இல்லையா என்பதற்கெல்லாம் தயாராக விதி இருக்கிறது. உங்கள் விஷயத்தில் அந்த இடங்கள் காலியாகவே கிடக்கும். காகிதத்தில் இருப்பது மட்டுமே நிற்கும்.

படி 1: இருவரின் நிலையையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

இருவரும் திருமணமாகாதவர்கள் என்றால் விஷயம் ஓரளவு எளிது. ஒருவருக்கு ஏற்கெனவே திருமணமாகி, பிரிந்து வாழ்ந்து, விவாகரத்து மட்டும் வாங்காமல் இருந்தால் நிலைமை தலைகீழ்.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்த பெண்ணின் சுய சம்பாத்தியச் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் போகும். பிள்ளை இல்லையென்றால் முழுவதும் கணவருக்கு. பத்து ஆண்டுகளாக முகம் பார்க்காத கணவராக இருந்தாலும், விவாகரத்துத் தீர்ப்பு இல்லாதவரை அவர் கணவர்தான். பெற்றோரிடமிருந்து வந்த சொத்து மட்டும், பிள்ளைகள் இல்லாத நிலையில், தந்தையின் வாரிசுகளுக்குத் திரும்பும். ஆண் உயிலின்றி இறந்தால் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோர் முதல் வரிசை வாரிசுகள். திருமணமாகாத ஆணின் சொத்து தாய்க்கு. தாய் இல்லையென்றால் தந்தைக்கு. இந்த வரிசைகளில் எங்கேயும் ‘சேர்ந்து வாழ்ந்தவர்’ என்று ஒருவர் இல்லை.

நீண்ட காலம் கணவன் மனைவியாகவே ஊரறிய வாழ்ந்தால் திருமணம் நடந்ததாகவே அனுமானிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் ஒரு கேரள வழக்கில் மீண்டும் உறுதி செய்தது. அது குழந்தைகளின் உரிமைக்குப் பெரிய துணை. ஆனால் அந்த அனுமானத்தை நீதிமன்றத்தில்தான் நிலைநாட்ட வேண்டும். எதிரில் நிற்கப்போவது உங்கள் துணையின் அண்ணனும் அக்காவும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், ‘திருமணத்தின் தன்மை கொண்ட உறவில்’ வாழும் பெண்ணுக்கும் பொருந்தும். எது அப்படிப்பட்ட உறவு என்பதற்கு வேலுசாமி வழக்கில் 2010-இல் சில அளவுகோல்கள் வகுக்கப்பட்டன. கோயம்புத்தூரில் தொடங்கிய வழக்கு அது. தம்பதியர் போலச் சமூகத்தின் முன் வாழ்ந்திருக்க வேண்டும், திருமண வயது ஆகியிருக்க வேண்டும், இருவரும் திருமணம் செய்யத் தகுதியுள்ளவர்களாக இருக்க வேண்டும், விரும்பிச் சேர்ந்து கணிசமான காலம் ஒரே வீட்டில் வாழ்ந்திருக்க வேண்டும். வார இறுதியில் மட்டும் சந்திப்பது சேராது. இந்தச் சட்டப்படி அந்தப் பெண் அந்த வீட்டில் தங்கும் உரிமையைக் கேட்கலாம். பண நிவாரணமும் கேட்கலாம். வீட்டுக்குச் சொந்தக்காரரான ஆண் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பெண்ணோ இதை நம்பிச் சொத்து விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. கிடைப்பது தங்கும் உரிமை. வீட்டில் ஒரு செங்கல்கூட அதனால் அவர் பெயருக்கு வந்துவிடாது.

படி 2: வரும்போது கொண்டுவந்ததை எழுதிவையுங்கள்

ஒரு சாதாரண நோட்டு போதும். யார் எதைக் கொண்டுவந்தார், யார் எதை வாங்கினார், எந்தத் தேதி, ரசீது யார் பெயரில் என்று எழுதி இருவரும் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்திடுங்கள். கட்டிலுக்கும் பாத்திரத்துக்கும் இவ்வளவு வேண்டாம். நகைக்கும் வண்டிக்கும் கட்டாயம் வேண்டும்.

நகைக்கடை ரசீதில் பெயர் யாருடையது என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் ஹால்மார்க் நகையில் ஆறு இலக்க அடையாள எண் இருக்கும். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீட்டை நோட்டில் எழுதி, நகையைப் படம் எடுத்து வைத்தால், பின்னாளில் ‘இது என் அம்மா போட்டது’ என்ற பேச்சு எழாது. நகையை அவசரத்துக்கு அடகு வைக்கத் துணையிடம் கொடுத்தால் அடகுச் சீட்டு அவர் பெயரில்தான் வரும். மீட்கும் உரிமையும் அவருக்குத்தான். நீங்களே நேரில் போய் உங்கள் பெயரில் வையுங்கள்.

வண்டி விஷயத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு பழக்கம் உண்டு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதற்காகக் கடலூர்க்காரர் தன் பணத்தில் கார் வாங்கி, துணையின் புதுச்சேரி முகவரியில் அவர் பெயரிலேயே பதிவு செய்துவிடுவார். பிஒய்-01 என்று பலகை மாட்டியதும் பெருமையாகத்தான் இருக்கும். பதிவுச் சான்றில் பெயர் யாருக்கோ அவர்தான் சட்டத்தின் முன் உரிமையாளர். விற்பதும் அவர் கையெழுத்தில், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவர் தலையில். மிச்சப்படுத்திய வரி இந்தத் தலைவலிக்கு ஈடாகாது.

படி 3: பணம் போகும் வழியைப் பிரித்துவையுங்கள்

ஆளுக்கொரு சொந்தக் கணக்கு, வீட்டுச் செலவுக்கென ஒரு கூட்டுக் கணக்கு. இதைவிடச் சிக்கலாக எதுவும் தேவையில்லை. கூட்டுக் கணக்கில் அந்த மாதத்து வாடகை, மளிகை, மின்கட்டணம் அளவுக்கு மட்டும் பணம் இருக்கட்டும். ‘இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்’ என்ற முறையில் திறந்த கணக்கிலிருந்து யார் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் எடுக்கலாம். வங்கி கேள்வி கேட்காது. சேமிப்பை அதில் குவிப்பவர்கள் இதை எடுக்கும் நாளில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

துணைக்குப் பெரிய தொகை கொடுத்தால் அது கடனா, அன்பளிப்பா என்று அன்றே முடிவு செய்யுங்கள். வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ பட்டியல் ஒன்று இருக்கிறது. திருமணம் செய்யாத துணை அதில் இல்லை. ஓர் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வாங்கினால் மொத்தத் தொகையும் வாங்கியவரின் வருமானமாகிவிடும். மேலே போன பகுதிக்கு மட்டும் வரி என்று நினைப்பது பரவலான தவறு. கடன் என்றால் வரி இல்லை. ஆனால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கக் கூடாது. வங்கி வழியாகவே அனுப்பி, குறிப்பில் ‘கடன்’ என்று எழுதுங்கள். இதயப் படம் போட்டு அனுப்பிய தொகையைக் கடன் என்று நிரூபிப்பது கடினம்.

கையெழுத்துகளில் ஆபத்தானது ஜாமீன் கையெழுத்து. துணையின் தொழில் கடனுக்கு நீங்கள் ஜாமீன் போட்டாலும், இணைக் கடனாளியாகச் சேர்ந்தாலும் வங்கி முழுத் தொகையையும் உங்களிடமே கேட்கலாம். ‘நாங்கள் பிரிந்துவிட்டோம்’ என்பது வங்கிக்குப் பதில் ஆகாது.

படி 4: வாடகையும் போக்கியமும்

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும், முன்பணத்தில் யார் எவ்வளவு என்பதும் இருக்கட்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும்.

போக்கியத்தில்தான் பெரிய தொகை மாட்டுகிறது. முத்தியால்பேட்டையிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு மூன்று ஆண்டு வாடகையின்றி இருக்கலாம் என்றால் யாருக்கும் ஆசை வரும். இருவரும் ஆளுக்கு இரண்டரை லட்சம் போடுகிறார்கள். வீட்டுக்காரர் ‘ஒருவர் பெயரில் எழுதினால் போதும், தம்பி’ என்கிறார். தம்பி பெயரில் எழுதப்படுகிறது. பெண் தன் பங்கைத் தம்பியின் கணக்குக்கு அனுப்புகிறாள், அவர் ஐந்து லட்சமாக வீட்டுக்காரருக்கு அனுப்புகிறார். ஆண்டுகள் கழிந்து பிரியும்போது வீட்டுக்காரர் ஒப்பந்தத்தைப் பார்த்துத் தம்பியிடமே முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்கிறார். அவர் செய்தது சட்டப்படி சரி. பெண்ணிடம் இருப்பது ஒரு வங்கிப் பரிமாற்றப் பதிவு. அது கடனா, அன்பளிப்பா, பழைய பாக்கியா என்று யாரும் சொல்லாத பதிவு. இதைத் தடுக்க இரண்டே வேலைதான்: ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் தனித்தனித் தொகையும், பணம் அவரவர் கணக்கிலிருந்து நேராக வீட்டுக்காரருக்கு.

படி 5: மனை, வீடு வாங்கும்போது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

உங்கள் பணத்தில் துணையின் பெயரில் மனை வாங்காதீர்கள். காரணம் நம்பிக்கை பற்றியது இல்லை. 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டம் 2016-இல் கடுமையாக்கப்பட்டது. கணக்கில் உள்ள பணத்தில் கணவன் மனைவி பெயரிலோ பிள்ளை பெயரிலோ வாங்கினால் அதற்கு விலக்கு உண்டு. திருமணமாகாத துணைக்கு அந்த விலக்கு கிடையாது. நாளை தகராறு வந்து, ‘எனக்காகத்தான் வாங்கினேன், பெயர் மட்டும் அவருடையது’ என்று வாதாடினால், அது பினாமிப் பரிவர்த்தனை என்று நீங்களே வாக்குமூலம் கொடுப்பதாகிவிடும். அத்தகைய சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடவும் முடியாது. சொத்து பறிமுதலாகலாம், ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறையும், சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதமும் உண்டு. ‘அன்பளிப்பாகக் கொடுத்தேன்’ என்று மாற்றிச் சொன்னால் பணம் திரும்ப வராது, அவருக்கு வரியும் வரும். எந்தக் கதவைத் தட்டினாலும் நட்டம்.

இருவரும் சேர்ந்து வாங்கினால் கிரயப் பத்திரத்திலேயே பங்கை எழுதுங்கள்: ‘பிரிபடாத 60 சதவீதம் இன்னாருக்கு, 40 சதவீதம் இன்னாருக்கு’. அவரவர் தொகை அவரவர் கணக்கிலிருந்து விற்பவருக்கு நேராகப் போய், காசோலை எண்ணோ பரிமாற்ற எண்ணோ பத்திரத்தில் ஏற வேண்டும். பங்கை எழுதாமல் விட்டால், கொடுத்த பணத்தின் விகிதத்தில் உரிமை என்று சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது; யார் எவ்வளவு கொடுத்தார் என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி. 80 சதவீதம் கொடுத்தவருக்கு அந்தச் சரிபாதி எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடலூருக்கும் பாகூருக்கும் நடுவில் எல்லைக் கோடு வயலுக்கு வயல் வளைந்து போகிறது. மனை எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். எந்தப் பதிவு அலுவலக எல்லைக்குள் நிலம் இருக்கிறதோ அங்கேதான் பதிவு. கடலூர்ப் பக்கம் என்றால், சொத்தின் மேல் விற்பனை, அடமானம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்று காட்டும் வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். பதிவுக்குப் பிறகு பட்டாவும் கூட்டுப் பட்டாவாக மாறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.

படி 6: துணையின் நிலத்தில் உங்கள் பணத்தில் வீடு

வில்லியனூரில் அவருடைய அப்பா கொடுத்த மனை. கட்டுமானச் செலவு முழுவதும் உங்கள் சேமிப்பு. சிமெண்ட் ரசீது, கம்பி ரசீது, மேஸ்திரிக்குக் கொடுத்த கூலிக் கணக்கு எல்லாம் கோப்பில் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் நிலம் யாருடையதோ, அதன் மேல் நிற்கும் கட்டடமும் அவருடையது என்றே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். அவருக்கு ஏதாவது நேர்ந்தால் வீடு அவர் தாயின் கைக்குப் போகும்.

கட்டுவதற்கு முன் மூன்றில் ஒன்றைச் செய்யுங்கள். முதலாவது, நிலத்தில் ஒரு பங்கைக் கிரயமாக வாங்கிக்கொள்வது. தானமாக எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். ரத்த உறவுக்குள் எழுதும் தான செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் கட்டணச் சலுகை உங்களுக்குக் கிடைக்காது, வரியும் குறுக்கே வரும். இரண்டாவது, நீங்கள் கொடுக்கும் தொகையைக் கடனாகக் காட்டி, அந்த மனையின் மேல் பதிவு செய்யப்பட்ட அடமானப் பத்திரம் எழுதிக்கொள்வது. என் பரிந்துரை இதுதான். அடமானம் வில்லங்கச் சான்றில் தெரியும். உங்களுக்குத் தெரியாமல் யாரும் அந்த வீட்டை நிம்மதியாக வாங்க முடியாது. வழக்குப் போடவும் 12 ஆண்டு காலம் இருக்கிறது. அவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், வங்கியிடம் வாங்கியிருந்தாலும் இதே கையெழுத்தைத்தான் போட்டிருப்பார்.

மூன்றாவது, பிராமிசரி நோட்டு. இது மலிவு, பலவீனமும்கூட. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கினாலும் மூன்று ஆண்டுதான் உயிர். அதற்குள் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்ததாகவோ, கடன் இருப்பதை ஒப்புக்கொள்வதாகவோ கையெழுத்திட்ட எழுத்து வாங்கிப் புதுப்பிக்க வேண்டும். நன்றாகப் பழகும் காலத்தில் அந்தத் தேதி யாருக்கும் நினைவிருப்பதில்லை.

படி 7: உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்

மேலே சொன்னவற்றை ஒரே இடத்தில் தொகுக்க முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம் எழுதலாம். தலைப்பையும் மொழியையும் கவனியுங்கள். ஒழுக்கத்துக்கு மாறான நோக்கம் கொண்ட ஒப்பந்தம் செல்லாது என்று 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே ‘சேர்ந்து வாழ்வதற்காக’ என்று ஆரம்பிக்கவே கூடாது. ‘ஒரே முகவரியில் வசிப்பவர்களின் செலவுப் பகிர்வு, சொத்துரிமை ஒப்பந்தம்’ என்று எழுதுங்கள். பணமும் பொருளும் மட்டும் உள்ளே இருக்கட்டும்: எது யாருடையது, மாதச் செலவில் யார் பங்கு எவ்வளவு, பிரிந்தால் எத்தனை நாளில் கணக்குத் தீர்ப்பது, யார் வீட்டைக் காலி செய்வது. ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும், யாரிடம் பேசக் கூடாது என்றெல்லாம் எழுதித் தரச் சொன்னால் நான் எழுதுவதில்லை. குடும்ப வன்முறைச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதினாலும் அது நிற்காது.

சேர்ந்து காபி கடையோ ஆடைக் கடையோ நடத்தினால் அதற்கு இது போதாது. தனியாகக் கூட்டாண்மைப் பத்திரம் எழுதி, நிறுவனத்தைப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்யாத நிறுவனத்தின் கூட்டாளி மற்றவர்மேல் வழக்குப் போடுவதே சிரமம்.

படி 8: நியமனதாரரும் உயிலும்

துணையை வங்கிக் கணக்குக்கு நியமனதாரராகப் போடலாம். 2025 நவம்பர் முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் நியமனதாரர் பணத்தை வாங்கிக் கொடுக்கும் ஆள் மட்டுமே, சொந்தக்காரர் வாரிசுதான். காப்பீட்டில் 1983-லும் பங்குகளில் 2023-லும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. காப்பீட்டில் பின்னர் வந்த திருத்தம் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகளுக்கு மட்டும் முழு உரிமை தருகிறது, துணைக்கு இல்லை. வருங்கால வைப்பு நிதியில் குடும்பம் உள்ளவர் வெளியாரை நியமித்தால் அந்த நியமனமே செல்லாது.

எனவே உயில். வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும், இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சொத்து பெறப்போகும் துணை சாட்சியாக வேண்டாம். உங்களைவிட இளையவர்களாகப் பார்த்துப் பிடியுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனால் துணைக்கு எழுதும் உயிலைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள், எதிர்க்கப்போவது உறுதி. பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம் என்றால் வாரிசுகள் சம்மதிக்காதவரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் துணைக்கு எழுத முடியாது. கிறிஸ்தவர் எழுதிய உயில், பிறகு அவர் திருமணம் செய்தால், அதே துணையையே மணந்தாலும், ரத்தாகிவிடும். திருமணத்துக்குப் பின் புதிதாக எழுத வேண்டும்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள துணை

புதுச்சேரியில் இதைத் தவிர்க்க முடியாது. பிரான்சில் 1999 முதல் ‘பாக்ஸ்’ என்ற இணைவாழ்வு ஒப்பந்தம் உண்டு. அந்தத் தாளைக் கொண்டுவந்து உழவர்கரை சார்பதிவாளரிடம் கொடுத்தால் இங்கே அது உங்களைத் தம்பதியாக்காது. இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குக் கிடைக்கும் ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்க முடியாது. அதனால்தான் பாகூர்ப் பக்கம் தோப்பை இந்தியத் துணையின் பெயரில் வாங்கும் யோசனை வருகிறது. படி 5-ஐ மறுபடி படியுங்கள்; அங்கே அந்நியச் செலாவணிச் சட்டமும் கூடச் சேர்ந்துகொள்ளும். ஆரோவில்லில் நிலம் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளைக்கு உரியது. அங்கே கட்டிய வீட்டில் போட்ட பணத்தைத் தனிச் சொத்தாகக் கணக்கிட வேண்டாம்.

படி 9: பிரியும்போது

வார்த்தை தடிப்பதற்கு முன்பே மூலப் பத்திரங்களை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தில் இதற்கு வேறு காரணமும் உண்டு: 2011-இல் தானே புயல், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று அலமாரியோடு பத்திரம் நனைந்த வீடுகள் ஏராளம். நகல்களை ஸ்கேன் செய்து, மூலத்தை உங்கள் பெயரில் உள்ள வங்கி லாக்கரில் வையுங்கள்.

பிறகு கூட்டுக் கணக்கை மூடுவதற்கு வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். மற்றவர் மறுத்தால் இருவரும் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று மாற்றச் சொல்லுங்கள். துணைக்கு அதிகாரப் பத்திரம் (பவர்) எழுதிக் கொடுத்திருந்தால் அதை ரத்து செய்து பதிவு செய்யுங்கள். கடன் பாக்கிக்கு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். ஒப்படைத்த நகையை விற்றுத் தின்றால் அது நம்பிக்கை மோசடி. காவல் நிலையம் போகலாம். வீட்டுப் பங்கு, போக்கியத் தொகை போன்றவை உரிமையியல் நீதிமன்ற விவகாரம். அவற்றுக்குக் காவல் நிலையத்தில் கட்டப் பஞ்சாயத்து நடத்தி, அவசரமாக எழுதப்படும் வெள்ளைத்தாளில் கையெழுத்திடாதீர்கள்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி மையத்தின் 15100 எண்ணை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. வீட்டில் வன்முறை இருந்தால் 181. கடைசியாக, நியமனப் படிவங்களை வங்கி, காப்பீடு, வைப்பு நிதி என்று ஒவ்வோர் இடத்திலும் மாற்றுங்கள். உயிலை ரத்து செய்து புதியதை எழுதுங்கள். பழைய உயில் பதிவானது என்றால் புதியதையும் பதிவு செய்து, அதில் பழையதன் ஆவண எண்ணைக் குறிப்பிடுங்கள்.